மக்கள்தொகை மூப்பை ஆராய்வது எப்படி: எதை எண்ணுவது, எங்கே வழுக்கும்

"மக்கள்தொகை மூப்படைவதும், அதனால் சமூகமும் அரசுக் கொள்கையும் மாறுவதும் எப்படி என்று ஆய்வு செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? எந்த அளவுகளை நம்பலாம்? பெரும்பாலோர் எங்கே தவறுகிறார்கள்?" என்பது கேள்வி. கடைசிக் கேள்விக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தத் துறையில் தரவு கிடைப்பது கடினமில்லை. கிடைத்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறிவதுதான் கடினம்.

ஒரு மனிதர் முதுமை அடைவதும் ஒரு மக்கள்தொகை முதுமை அடைவதும் வேறு வேறு. மனிதருக்கு வயது ஏற மட்டுமே செய்யும். மக்கள்தொகைக்கு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். அது மூப்படைவதற்கு முதன்மைக் காரணம் ஆயுள் நீண்டது என்றே பலர் எழுதிவிடுகிறார்கள். ஆன்ஸ்லி கோல் என்ற மக்கள்தொகையியலாளர் 1950களிலேயே கணக்குப் போட்டுக் காட்டியது வேறு: வயது அமைப்பைப் பெரிதும் தீர்மானிப்பது பிறப்பு வீதம். பிறப்பு குறைந்தால், வயதுகளைக் கீழிருந்து மேலாக அடுக்கி வரையும் மக்கள்தொகைப் பிரமிடின் அடிப்பகுதி சுருங்கும், மேல்பகுதியின் பங்கு தானாகக் கூடும். இறப்பு குறையத் தொடங்கும்போது முதலில் பிழைப்பது கைக்குழந்தைகள். அதனால் தொடக்கத்தில் இறப்பு வீதச் சரிவு மக்கள்தொகையை இளமையாக்கும். குழந்தை இறப்பு ஏற்கெனவே மிகவும் தாழ்ந்துவிட்ட நாடுகளில், 65, 75 வயதைத் தாண்டியவர்களின் இறப்பு குறையத் தொடங்கிய பிறகுதான் நீண்ட ஆயுள் மூப்புக்கு நேரடிக் காரணமாகிறது. மூன்றாவது காரணம் பழைய பிறப்பு அலைகள். ஜப்பானில் 1947 முதல் 1949 வரை பிறந்த பெருங்கூட்டம் 2022இல் தொடங்கி 2024க்குள் 75 வயதைத் தொட்டுவிட்டது. நான்காவது இடப்பெயர்வு. இளைஞர்கள் வெளியேறும் மாவட்டம், நாட்டின் சராசரியைவிடப் பல ஆண்டுகள் முந்தியே மூப்படைந்துவிடும்.

காரணத்தைப் பிரிப்பது ஏட்டுக்காக மட்டும் அல்ல. அலையால் வந்த மூப்பு அந்த அலை கடந்ததும் தணியும், அதற்கு இருப்பு நிதி போதும். பிறப்பு நிலையாகத் தாழ்ந்ததால் வந்த மூப்பு தணியாது, அமைப்பையே மாற்ற வேண்டும். இரண்டையும் குழப்பினால் தவறான மருந்தைப் பரிந்துரைப்பீர்கள்.

பங்கைப் போலவே வேகமும் முக்கியம். 65 வயதைத் தாண்டியவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக ஆவதற்குப் பிரான்சுக்குச் சுமார் 115 ஆண்டுகளும், சுவீடனுக்கு 85 ஆண்டுகளும் ஆயின. ஜப்பானுக்கு 1970 முதல் 1994 வரை 24 ஆண்டுகளே. பிரான்சில் நான்கு தலைமுறைகள் சிறிது சிறிதாகப் பழகிக்கொண்டதை ஜப்பானில் ஒரே தலைமுறை தன் வேலைக்காலத்துக்குள் எதிர்கொண்டது.

இனி அளவைகள். எல்லா அறிக்கைகளிலும் முதலில் வருவது முதியோர் சார்பு விகிதம்: 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை 20 முதல் 64 வரையிலானவர்களால் வகுத்து 100ஆல் பெருக்குவது. கணக்கிட எளிது, எல்லா நாடுகளுக்கும் கிடைக்கும். ஆனால் 20–64 வயதில் இருப்பவர் எல்லோரும் உழைத்துச் சம்பாதிக்கிறார்கள், 65 ஆனவர் எல்லோரும் பிறரைச் சார்ந்திருக்கிறார்கள் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. 100 பேர் கொண்ட இரண்டு சமூகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சிறார் 20, நடுவயதினர் 60, முதியோர் 20. இரண்டுக்கும் சார்பு விகிதம் 33. முதல் சமூகத்தில் நடுவயதினரில் 45 பேரும் முதியோரில் 4 பேரும் ஊதிய வேலையில் இருக்கிறார்கள்: உழைப்போர் 49, மற்றவர் 51, அதாவது நூறு உழைப்பாளிகளுக்கு 104 பேர். இரண்டாவதில் 51 பேரும் 6 பேரும் வேலையில்: உழைப்போர் 57, மற்றவர் 43, நூறுக்கு 75 பேர். இந்தப் பெரிய வேறுபாடு வயதால் வந்தது அல்ல. பெண்கள் வேலைக்குப் போக முடிகிறதா, ஐம்பதுகளில் இருப்பவர்களை நிறுவனங்கள் வெளியே தள்ளுகின்றனவா என்பதால் வந்தது. எனவே சார்பு விகிதத்தைத் தனியாக வெளியிடாதீர்கள், அதன் பக்கத்திலேயே வேலைவாய்ப்பைச் சேர்த்துக் கணக்கிட்ட விகிதத்தையும் வையுங்கள்.

65 என்ற எல்லைக்கோட்டுக்கும் உயிரியல் ஆதாரம் எதுவும் இல்லை. பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி 1889இல் கொண்டுவந்த முதுமைக் காப்பீட்டில் ஓய்வூதிய வயது 70. 65 ஆனது 1916இல்தான். பிஸ்மார்க்கே 65ஐ நிர்ணயித்தார் என்று திரும்பத் திரும்ப எழுதப்படுவது பிழை. மாற்றாக, எஞ்சியிருக்கும் ஆயுளைக் கொண்டு முதுமையை வரையறுக்கலாம். நார்மன் ரைடர் 1975இல் முன்வைத்த இந்த யோசனையை வாரன் சாண்டர்சனும் செர்கெய் ஷெர்போவும் 2005க்குப் பிறகு விரிவாக வளர்த்தார்கள். சராசரியாக இன்னும் 15 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாக வாழக்கூடிய வயதிலிருந்து முதுமை தொடங்குகிறது என்று கொண்டால், ஆயுள் நீளும்போது எல்லைக்கோடும் நகரும், மூப்பின் வேகம் பல நாடுகளில் கணிசமாகக் குறைந்து தெரியும். இதற்கும் ஒரு குறை உண்டு. ஏழைகளும் உடலுழைப்பாளர்களும் குறைந்த ஆயுளே வாழ்கிறார்கள், நாட்டின் சராசரியோடு நகரும் கோடு அவர்களைப் பின்னுக்கு விட்டுவிடும்.

தரவுக்கு வருவோம். நாடுகளுக்கிடையே ஒப்பிட ஐ.நா.வின் உலக மக்கள்தொகை மதிப்பீடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் இறக்கிறார்கள், எத்தனை பேர் எஞ்சுகிறார்கள் என்று காட்டும் இறப்புப் பட்டியல்களுக்கு, பதிவு நம்பகமான சுமார் 40 நாடுகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் மனித இறப்புத் தரவுத்தளம் இருக்கிறது. ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆய்வுகளில் அமெரிக்காவின் ஆரோக்கியம் மற்றும் ஓய்வு ஆய்வு 1992இல் தொடங்கி முன்மாதிரியானது. அதன் வழியில் இங்கிலாந்தின் எல்சா 2002இலும், பல ஐரோப்பிய நாடுகளைச் சேர்த்த ஷேர் 2004இலும், சீனாவின் சார்ல்ஸ் 2011இலும், இந்தியாவின் லாசி 2017–18இலும் முதல் சுற்றைத் தொடங்கின. கேள்விகள் பெரும்பாலும் பொருந்திப்போகும்படி வடிவமைக்கப்பட்டவை என்பது இந்தக் குடும்பத்தின் பெரிய பலம்.

எந்தத் தரவை எடுத்தாலும், முதலில் வயதுப் பதிவைச் சோதியுங்கள். பிறந்த தேதி சரியாகத் தெரியாதவர்கள் 60, 65, 70 என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். விப்பிள் குறியீடு இதைப் பிடிக்கும்: 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0 அல்லது 5இல் முடியும் வயதினரை 5ஆல் பெருக்கி, அந்த வரம்பில் உள்ள மொத்தத் தொகையால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். 100 வந்தால் குவியல் இல்லை, 500 வந்தால் எல்லோருமே முழு எண் சொல்லியிருக்கிறார்கள். 125ஐத் தாண்டினால் தரவு கரடுமுரடானது, 175ஐத் தாண்டினால் ஒற்றை வயது வாரியாகப் பயன்படுத்தவே கூடாது. ஆனால் இந்தக் குறியீடு 62இல் நின்றுவிடுகிறது. உங்களுக்கு வேண்டியதோ அதற்கு மேலே. அங்கே குவியலோடு இன்னொரு நோயும் சேரும்: மிக முதியவர்களின் வயதைக் கூட்டிச் சொல்வது. வளர்ந்தவர்களின் இறப்பு வீதம் ஏறத்தாழ எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்பது கோம்பெர்ட்ஸ் 1825இல் கண்ட ஒழுங்கிலிருந்து வரும் கைக்கணக்கு. 80 வயதிலேயே அந்த ஏற்றம் தட்டையாகிவிட்டால், அங்கே மக்கள் அதிசயமாக வாழ்கிறார்கள் என்று எழுதுவதற்கு முன் வயதுப் பதிவைச் சந்தேகியுங்கள். பதிவேடு நன்றாக உள்ள நாடும் தப்பாது. ஜப்பானில் 2010இல் குடும்பப் பதிவேடுகளைச் சரிபார்த்தபோது, நூறு வயதைக் கடந்து உயிரோடு இருப்பதாகக் காட்டப்பட்ட 2,30,000க்கும் மேற்பட்டவர்களின் இருப்பிடமே தெரியவில்லை. இறப்பு பதிவாகாத பழைய பெயர்கள் அவற்றில் ஏராளம்.

அடுத்த ஓட்டை, மாதிரியில் யார் விடுபட்டார்கள் என்பது. வீடு வீடாகப் போகும் சர்வே முதியோர் இல்லங்களுக்குள் போகாது. மிகவும் நலிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்றால், உங்கள் ஊனமுற்றோர் விகிதம் உண்மையைவிடக் குறைவாக வரும். பேச முடியாதவருக்குப் பதிலாக மகளோ துணைவரோ பதில் சொன்ன படிவங்களை "முழுமையற்றவை" என்று நீக்கினாலும் டிமென்ஷியா கணக்கு அப்படியே சரியும். தொடர் ஆய்வில் அடுத்த சுற்றுக்கு வராதவர்களை ஒரே கூடையில் போடாதீர்கள். இறந்தவர் வேறு, மறுத்தவர் வேறு, வீடு மாறியவர் வேறு. இறப்புப் பதிவேட்டோடு இணைத்துப் பிரிக்க முடிந்தால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

இத்துறையில் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் வயது, காலம், பிறப்புக்குழு (ஒரே காலத்தில் பிறந்தவர்கள்) என்ற மூன்றின் பிணைப்பு. ஒரே ஆண்டில் எடுத்த சர்வேயில் 80 வயதினரின் நினைவாற்றல் மதிப்பெண் 60 வயதினருடையதைவிடத் தாழ்ந்திருக்கும். இருபது ஆண்டு மூப்பால் இவ்வளவு குறைகிறது என்று முடிவு கட்டினால் தவறு. 80 வயதினர் குறைவாகப் பள்ளிக்குப் போன தலைமுறை, குழந்தைப்பருவத்தில் பட்டினியையோ தொற்றுநோயையோ கடந்திருக்கலாம். அதோடு, நலிந்தவர்கள் ஏற்கெனவே இறந்துவிட்டதால் மிஞ்சியவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட வலுவானவர்கள். ஒன்று வேறுபாட்டைக் கூட்டும், மற்றொன்று குறைக்கும். இவற்றைப் பிரிக்க ஒவ்வொரு காரணத்தின் பங்கையும் தனித்தனியாகக் கணக்கிடும் ஒரே பின்னடைவுச் (ரிக்ரஷன்) சமன்பாட்டில் மூன்றையும் போடலாம் என்று தோன்றும். முடியாது: பிறந்த ஆண்டு என்பது ஆய்வு ஆண்டிலிருந்து வயதைக் கழித்தது, அதில் புதிய தகவல் எதுவும் இல்லை. மென்பொருள் ஏதோ ஒரு வகையைத் தன் இஷ்டத்துக்கு நீக்கிவிட்டு அழகான வரைபடம் தரும். எதை நீக்கியது என்பதைப் பொறுத்து வரைபடம் தலைகீழாகும். இதற்குக் கணிதத்தில் மந்திரம் கிடையாது. பிறப்புக்குழு என்ற வெற்றுப் பெயருக்குப் பதில் அது எதன் வழியாக வேலை செய்கிறது என்று நீங்கள் கருதுகிறீர்களோ, அதை அளந்து போடுங்கள்: படித்த ஆண்டுகள், பிறந்த ஆண்டின் குழந்தை இறப்பு வீதம், உயரம்.

ஆரோக்கியத்துக்கு வந்தால், நீண்ட ஆயுள் என்பது நல்ல ஆண்டுகள் கூடியதா, படுக்கை ஆண்டுகள் கூடியதா என்பதே மையக் கேள்வி. நோய்க்காலம் வாழ்வின் கடைசியில் சுருங்கும் என்றார் ஜேம்ஸ் ஃப்ரைஸ், 1980இல். மருத்துவம் இறப்பைத் தள்ளிப்போட்டு நோயை நீட்டிவிடும் என்று அதற்கு மூன்றாண்டு முன்பே எச்சரித்தார் எர்னஸ்ட் குரூயன்பர்க். ஆண்டுகள் கூடும், ஆனால் நோயின் கடுமை தணியும் என்ற இடைநிலைக் கருத்து கென்னத் மேன்டனுடையது, 1982. எது சரி என்பது நாட்டையும் எந்த அளவைகோலைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. நீங்களே கணக்கிட சல்லிவன் முறை போதும். இறப்புப் பட்டியலும் வயது வாரியான ஊன விகிதமும் இருந்தால் ஒரு மாலையில் முடியும். உதாரணத்துக்கு எண்கள்: பட்டியலில் 80,000 பேர் 65ஐ எட்டுகிறார்கள். 65–74இல் அவர்கள் வாழும் ஆள்-ஆண்டுகள் (ஒருவர் ஓராண்டு வாழ்ந்தால் ஓர் ஆள்-ஆண்டு) 7,20,000. 75–84இல் 4,80,000. 85க்கு மேல் 2,00,000. மொத்தம் 14,00,000. 80,000ஆல் வகுத்தால் 65இல் எஞ்சிய ஆயுள் 17.5 ஆண்டு. ஊன விகிதம் முறையே 10, 25, 50 சதவீதம் என்றால், ஊனமில்லா ஆண்டுகள் 6,48,000 + 3,60,000 + 1,00,000 = 11,08,000. வகுத்தால் 13.85. மிஞ்சும் 3.65 ஆண்டு ஊனத்தோடு வாழும் காலம்.

இந்த 3.65 எவ்வளவு உறுதி என்பது நீங்கள் கேட்ட கேள்வியில் இருக்கிறது. அன்றாடச் செயல்களுக்கு காட்ஸ் 1963இல் வெளியிட்ட ஆறு அம்சங்கள் இன்றும் அடிப்படை: குளிப்பது, உடுத்துவது, கழிவறை செல்வது, படுக்கையிலிருந்து எழுந்து நகர்வது, சிறுநீர் மலக் கட்டுப்பாடு, உண்பது. ஆனால் "குளிக்கச் சிரமமா?", "குளிக்க யாராவது உதவ வேண்டுமா?", "உதவ யாராவது இருக்கிறார்களா?" என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதலாவது ஊனத்தைச் சொல்லும், இரண்டாவது பராமரிப்புத் தேவையைச் சொல்லும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளிதான் கைவிடப்பட்டவர்களின் எண்ணிக்கை. கொள்கைக்கு மிகவும் வேண்டிய எண் அதுதான், பெரும்பாலும் கேட்கப்படாததும் அதுதான். சுற்றுக்குச் சுற்றுக் கேள்வியின் சொற்களை மாற்றியிருந்தால் அந்தப் போக்கை ஒப்பிடவே வேண்டாம்.

ஓய்வூதியக் கணக்கு வெளியே தெரிவதைவிட எளிமையானது. இன்று உழைப்பவரின் பங்களிப்பை இன்றைய ஓய்வூதியருக்கு வழங்கும் திட்டத்தில், பங்களிப்பு வீதம் = (ஓய்வூதியர் ÷ பங்களிப்போர்) × (சராசரி ஓய்வூதியம் ÷ சராசரி ஊதியம்). ஓர் ஓய்வூதியருக்கு நான்கு பங்களிப்போர், ஓய்வூதியம் ஊதியத்தில் 40 சதவீதம் என்றால் வீதம் 10 சதவீதம். நான்கு இரண்டானால் வீதம் 20. வீதத்தை 10லேயே நிறுத்தினால் ஓய்வூதியம் 20 சதவீதமாகச் சரியும். வேறு வழி என்றால் ஓய்வு வயதை நகர்த்துவது, பங்களிப்போரைக் கூட்டுவது, பொது வரியிலிருந்து ஊற்றுவது. எந்தச் சீர்திருத்தமும் இவற்றின் கலவைதான். இங்கே "பங்களிப்போர்" என்பது உழைப்போர் அனைவரும் அல்ல என்பதை மறக்காதீர்கள். முறைசாரா வேலை மிகுந்த நாட்டில் உழைப்பாளிகள் ஏராளமாக இருந்தும் பங்களிப்போர் சிலராகவே இருப்பார்கள். அங்கே மக்கள்தொகை விகிதத்தை நேரடியாக இந்தச் சூத்திரத்தில் போட்டால் விடை பயனற்றது.

சுவீடன் 1998இல் சட்டமாக்கிய முறையில், ஒருவர் கணக்கில் சேர்ந்த தொகையை அவர் பிறந்த ஆண்டினரின் எஞ்சிய ஆயுளால் வகுத்து ஓய்வூதியம் தருகிறார்கள். ஆயுள் நீண்டால் மாதத் தொகை தானாகக் குறையும். அமைப்பின் கடன் சொத்தை மிஞ்சினால் தொகையைத் தானாகக் குறைக்கும் ஒரு தடையும் 2001இல் சேர்க்கப்பட்டது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் 2010இல் அந்தத் தடை முதன்முறையாகச் செயல்பட்டபோது, ஓய்வூதியரின் வரியைக் குறைத்து அரசு அடியைத் தணித்தது. தானியங்கி விதியும் அரசியலுக்குள்தான் இயங்குகிறது.

ஓய்வு வயதை உயர்த்துவதைப் படிக்கும்போது பிறப்பிலிருந்தான சராசரி ஆயுளை எடுக்காதீர்கள், அதில் குழந்தை இறப்பும் கலந்திருக்கிறது. 65இல் எஞ்சிய ஆயுளை, முடிந்தால் தொழில் வாரியாக எடுங்கள். அறிவிப்புக் காலமும் ஆய்வுப் பொருளே. பிரிட்டன் 1995இல் பெண்களின் ஓய்வு வயதை 60இலிருந்து 65க்கு உயர்த்தச் சட்டம் இயற்றி, 2011இல் அதை விரைவுபடுத்தியது. 1950களில் பிறந்த பெண்கள் பலர் தங்களுக்கு உரிய நேரத்தில் தெரியவே இல்லை என்று போராடினார்கள். தகவல் தெரிவித்ததில் நிர்வாகக் குறைபாடு இருந்ததென்று 2024இல் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் அறிக்கையும் வந்தது.

மருத்துவச் செலவில் பரவலான பிழை ஒன்று உண்டு. இன்றைய வயது வாரிச் செலவை எதிர்கால மக்கள்தொகையால் பெருக்கி, செலவு வெடிக்கப் போகிறது என்று அறிவிப்பது. ஸ்வைஃபல், ஃபெல்டர், மையர் மூவரும் 1999இல் சுட்டியது, செலவைத் தூக்குவது வயதைவிட மரணத்தின் அண்மை என்பது. ஆயுள் நீண்டால் 80 வயதுக்காரர் மரணத்திலிருந்து முன்பைவிடத் தள்ளியிருப்பார், அவருடைய செலவும் குறைவாக இருக்கும். எனவே எளிய பெருக்கல் மிகையாகச் சொல்லும். நீண்டகாலப் பராமரிப்புக்கு இந்த ஆறுதல் அவ்வளவாகக் கிடையாது, அது வயதோடு செங்குத்தாக ஏறும். இரண்டு வரவுசெலவையும் ஒரே தலைப்பில் சேர்க்காதீர்கள்.

பராமரிப்புக் காப்பீட்டை ஜெர்மனி 1995இலும், ஜப்பான் 2000 ஏப்ரலிலும், தென்கொரியா 2008இலும் தொடங்கின. ஜெர்மனியில் குடும்பம் பணமாக வாங்கலாம், சேவையாகவும் வாங்கலாம். ஜப்பானில் சேவை மட்டுமே. பணம் கொடுத்தால் மருமகள்களும் மகள்களும் வீட்டிலேயே கட்டப்படுவார்கள் என்ற பெண்கள் அமைப்புகளின் வாதம் அந்த முடிவில் பெரும்பங்கு வகித்தது. ஒரே நோக்கமுள்ள இரண்டு சட்டங்கள் பெண்களின் வேலைவாய்ப்பை எதிரெதிர்த் திசையில் தள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல ஒப்பீடு கிடைப்பது அரிது.

பராமரிக்கும் குடும்பத்தையும் வெறும் எண்ணால் அளக்க முடியாது. "எத்தனை பிள்ளைகள்?" என்பதோடு, எத்தனை பேர் ஒரே வீட்டில், ஒரே ஊரில், எத்தனை பேர் ஒருநாள் பயணத் தொலைவில் என்றும் கேளுங்கள். பராமரிப்பவர் பெரும்பாலும் துணைவர், அவரும் எழுபதுகளில் இருப்பவர். பெண்கள் நீண்டு வாழ்வதால் கணவரைப் பராமரித்தவருக்குத் தன் முறை வரும்போது ஆள் இருப்பதில்லை. ஊதியமில்லாத இந்த நேரம், நாள் முழுவதும் எதற்கு எவ்வளவு நேரம் போனது என்று குறிக்கும் நேரக்குறிப்பேட்டுச் சர்வேயில் மட்டுமே முழுதாகத் தெரியும்.

வேலைச் சந்தையில் இரண்டு நம்பிக்கைகளைச் சோதியுங்கள். மூத்தவர் வேலையை விட்டால் இளைஞருக்கு இடம் கிடைக்கும் என்பது ஒன்று. 12 நாடுகளை ஒப்பிட்ட ஜொனாதன் குரூபர், டேவிட் வைஸ் தொகுப்பு இதற்கு ஆதரவு காணவில்லை. முதியவர் உற்பத்தித்திறன் குறைந்தவர் என்பது மற்றொன்று. ஜெர்மனியில் லாரிகளின் பாகங்களை ஒன்றுசேர்க்கும் ஆலை ஒன்றில் பிழைகளை எண்ணிப் பார்த்த பியோர்ஷ்-சுபானும் மத்தியாஸ் வைஸும் 60 வயது வரை அத்தகைய சரிவைக் காணவில்லை. மூத்த தொழிலாளிகள் கடுமையான பிழைகளை அரிதாகவே செய்தார்கள்.

யார் உருவாக்குகிறார்கள், யார் நுகர்கிறார்கள், இடைவெளியை அரசா குடும்பமா சேமிப்பா எது நிரப்புகிறது என்று வயது வாரியாகப் பார்க்க, ரொனால்ட் லீயும் ஆண்ட்ரூ மேசனும் வளர்த்த தேசியப் பரிமாற்றக் கணக்குகள் இருக்கின்றன. அதற்கான ஐ.நா. கையேடு 2013இல் வந்தது. சார்பு விகிதத்தை விட்டு முன்னேற விரும்புவோருக்கு என் பரிந்துரை அதுதான்.

குடியேற்றத்தால் மூப்பை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் விடை உண்டு. தென்கொரியாவில் முதியவருக்கு எத்தனை உழைக்கும் வயதினர் என்ற விகிதத்தை 2050 வரை மாறாமல் வைக்க 510 கோடிக் குடியேறிகள் வேண்டும் என்று அது கணக்கிட்டது. குடியேறியவர்களுக்கும் வயதாகும் என்பதுதான் காரணம். குடியேற்றம் வேகத்தைக் குறைக்கும், சில துறைகளில் ஆள் தட்டுப்பாட்டைத் தீர்க்கும், திசையை மாற்றாது.

கடைசியாக முன்கணிப்பு. இன்னும் 30 ஆண்டில் 65ஐத் தாண்டப்போகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள், அதனால் அந்தப் பக்கத்து எண் ஓரளவு உறுதி. அதிகம் ஆடுவது மறுபக்கம், அதாவது உழைப்போர் எண்ணிக்கை. முதலில் ஓர் அடிப்படைக் கணிப்பைப் போட்டு, பிறகு பிறப்பு, இறப்பு, குடியேற்றம், வேலைவாய்ப்பு, ஊன விகிதம் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் மாற்றி விடை எவ்வளவு நகர்கிறது என்று அட்டவணையிடுங்கள். இன்று பிறக்கும் குழந்தை வரி கட்ட இருபது ஆண்டுக்கு மேல் ஆகும், ஆகவே 20 ஆண்டு எல்லைக்குள் பிறப்பு வீத அனுமானத்தை எப்படி மாற்றினாலும் உழைப்போர் எண்ணிக்கை அசையாது. 55 முதல் 69 வயதினரில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், 80க்கு மேல் எத்தனை பேருக்கு இன்னொருவரின் கை வேண்டும் என்ற இரண்டு அனுமானங்களே விடையைப் பெரிதும் நகர்த்தும். உங்கள் களப்பணி நேரத்தின் பெரும்பகுதியை அந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள்.